'பாஸ் அவுட்' ஆகிட்டீங்களா? வெளிநாட்டில் இதைச் சொன்னால் என்ன அர்த்தம் தெரியுமா?

மேற்கு மாம்பலத்தில் யாரிடமாவது "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டுப் பாருங்கள். "போன வருஷம்தான் காலேஜ் பாஸ் அவுட் ஆனான், வேலை தேடிட்டிருக்கான்" என்று பதில் வரும். கேட்பவருக்கு ஒரு குழப்பமும் இருக்காது. ஆனால் இதையே அந்தப் பையன் அமெரிக்க கம்பெனியின் ஆன்லைன் இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் சொன்னால், எதிரில் இருப்பவர் ஒரு நொடி முழிப்பார். காலேஜில் மயங்கி விழுந்தாரா என்ன?

காரணம், பெரும்பாலான நாடுகளின் அன்றாட ஆங்கிலத்தில் 'பாஸ் அவுட்' என்றால் மயக்கம் போட்டு விழுவது. வெயிலில் சுருண்டு விழுந்தாலும், அளவுக்கு மீறிக் குடித்து நினைவு தப்பினாலும் இதே வார்த்தைதான். நோட்டீஸ் விநியோகிப்பதையும் இப்படிச் சொல்வார்கள். பட்டம் வாங்குவதற்கு அங்கே 'கிராஜுவேட்'.

அப்போ நம்ம ஊர் அர்த்தம் தப்பா? அப்படிச் சொல்லிவிட முடியாது. மாம்பலத்தில் தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பரங்கிமலை. அங்கே 1963-ல் தொடங்கிய ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. பயிற்சி முடித்தவர்கள் அதிகாரிகளாக வெளியே வரும் நாளில் நடக்கும் அணிவகுப்புக்குப் பெயரே 'பாஸிங் அவுட் பரேடு'. இது பிரிட்டிஷ் ராணுவ வழக்கு, அகராதியிலும் உண்டு. இந்தியாவில் இதே பொருளில் காலேஜுக்கும் ஸ்கூலுக்கும் சொல்கிறார்கள். "படிச்சு முடிச்சு வெளிய வந்துட்டான்" என்று பேசும் தமிழருக்கு அந்த 'அவுட்' கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. "2023 பாஸ் அவுட், ரெண்டு அரியர் இருக்கு" என்பது இங்கே சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. அதாவது பாஸ் ஆகாமலேயே பாஸ் அவுட் ஆகலாம்!

உள்ளூர் வேலை விளம்பரங்களே '2024 பாஸ்ட் அவுட்' என்றுதான் கேட்கின்றன. அதனால் இங்கே பேச்சில் மாற்றத் தேவையில்லை. வெளிநாட்டுக்குப் போகும் ரெஸ்யூம், யுனிவர்சிட்டி விண்ணப்பம், கிளையன்ட் மெயில் ஆகியவற்றில் மட்டும் 'ஐ கிராஜுவேட்டட் இன் 2023' அல்லது 'ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2023' என்று எழுதுவது நல்லது.

அதைவிட முக்கியம், நீங்கள் கேட்கும் இடம். வெளிநாட்டில் படிக்கும் மகளின் ரூம்மேட் போன் செய்து "ஷி பாஸ்ட் அவுட்" என்றால், பரீட்சையில் தேறிவிட்டாள் என்று சந்தோஷப்படாதீர்கள். மயங்கி விழுந்திருக்கிறாள், உடனே விசாரியுங்கள். மாத்திரை அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளில் வந்தாலும் இதே அர்த்தம்தான். அதேநேரம் பதறவும் வேண்டாம்: இறந்துவிட்டார் என்பதற்கு 'பாஸ்ட் அவே'. 'அவுட்' என்றால் மயக்கம், 'அவே' என்றால் மரணம். இந்த இரண்டையும் மாற்றி மெசேஜ் அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.