ரயில் ஏறுமுன் நாலு வரி

கிள்ளானில் கோமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் மாறி, செர்டாங்கில் இறங்கி, கிராப் பிடித்து ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கடைவீட்டு மாடிக்குப் போய்ச் சேர்கிறீர்கள். பத்து மணிக்கு இன்டர்வியூ. முன்மேசையில் இருப்பவர், "யார் கூப்பிட்டாங்க?" என்கிறார். வாட்சாப்பில் அழைத்தவர் போனை எடுப்பதில்லை. முக்கால் மணி நேரம் கழித்து வருபவர் உங்கள் ரெசுமேயை அப்போதுதான் திறக்கிறார். நீங்கள் கேட்டது கணக்கு வேலை. அவர் பேசுவது விற்பனை வேலை. "ரெண்டு நாள்ல சொல்றோம்" என்று அனுப்பிவிடுகிறார். அதற்குப் பிறகு பேச்சுமூச்சில்லை.

இதற்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டா? அநேகமாக இல்லை. போக வர ஆன செலவைத் தரவோ, பதில் சொல்லவோ எந்த முதலாளிக்கும் சட்டக் கட்டாயம் கிடையாது. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள திருத்தப்பட்ட வேலைச் சட்டத்தின் பாகுபாடு பற்றிய பிரிவுகூட, தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறைத்தான் பேசுகிறது. வேலை தேடுபவர் அதன் வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

ஆபத்து வேறிடத்தில்

ஒழுங்கில்லாத ஏஜெண்டும் மோசடிக்காரனும் முதல் நாளில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அவர்கள் கேட்பதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண முடியும். "பதிவுக் கட்டணம்", "பயிற்சிக் கட்டணம்" என்று முன்பணம் கேட்டாலோ, வேலை உறுதியாகுமுன் வங்கி விவரமோ ஓ.டி.பி. எண்ணோ கேட்டாலோ அத்துடன் எழுந்துவிடுங்கள். 2022-ல் நல்ல சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய் மாட்டிக்கொண்ட மலேசியர்களுக்கும் முதலில் வந்தது சாதாரண வேலை அழைப்புதான்.

ஆள்சேர்ப்பு ஏஜென்சிக்கு 1981-ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமமின்றி நடத்தினால் 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உரிம எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

வாய்ச்சொல்லை நம்பி வேலையை விடாதீர்கள்

பலர் இடறும் இடம் இது. "திங்கட்கிழமை வாங்க" என்ற ஒரு போன் அழைப்பை நம்பிப் பழைய வேலையை விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு காலம் குறிப்பிடாவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வார நோட்டீஸ் தர வேண்டும். தராமல் நின்றால் அந்த 4 வாரச் சம்பளத்தை முதலாளிக்கு நீங்கள் கட்ட வேண்டிவரும். அதற்குள் புதிய இடம் கைவிரித்தால் இரண்டு பக்கமும் நட்டம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். கையில் கடிதம் வந்த பிறகே ராஜினாமா எழுதுங்கள். அதில் அடிப்படைச் சம்பளத்தையும் பாருங்கள்: 2025 ஆகஸ்ட் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்.

எங்கே போவது?

பணம் போயிருந்தால் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழைத்து, போலீஸில் புகார் செய்யுங்கள். நேரம் கடந்தால் பணம் கைமாறிவிடும். பணம் போடச் சொன்ன கணக்கு எண்ணைப் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் முன்கூட்டியே சோதிக்கலாம். உரிமமில்லாத ஏஜென்சி, வேலையில் சேர்ந்தபின் தராத சம்பளம் ஆகியவற்றுக்குத் தொழிலாளர் இலாகா. வேலை கிடைக்காத இடத்தில் உங்கள் அடையாள அட்டை நகல் கிடந்தால், 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்புதலைத் திரும்பப் பெற்று எழுத்தில் தெரிவிக்கலாம்.

இத்தனைக்கும் ஆதாரம் உங்கள் வாட்சாப்பில்தான் இருக்கிறது; எதையும் அழிக்காதீர்கள். அடுத்த முறை அழைப்பு வந்தால் நாலு வரி கேளுங்கள்: நிறுவனத்தின் பதிவுப் பெயரும் எண்ணும், பதவி, சம்பளம், சந்திப்பவர் பெயர். பதிவு எண்ணை, நிறுவனங்களைப் பதிவுசெய்யும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தின் தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த நாலு வரி வரவில்லையென்றால் கிள்ளானில் ரயில் ஏற வேண்டாம்.