ஐந்தாண்டு விண்கலம், பதினோரு ஆண்டுச் சூரியன்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தை நடுவில் வைத்து, வரைபடத்தில் நூறு கிலோமீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். சூரியனின் காந்தத்தோடு தொடர்புள்ள மூன்று ஊர்கள் அதற்குள் வந்துவிடும். வடக்கே மலைமேல் கொடைக்கானல். 1901 முதல் சூரியனைப் பார்த்துவரும் வானாய்வகம் அங்கே இருக்கிறது. தெற்கே திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரம். சூரியப் புயல் அடித்தால் பூமியின் காந்தம் எவ்வளவு அசைகிறது என்று அளக்கும் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அங்கே. தென்மேற்கே, ராஜபாளையம் வழியாகப் பொதிகை எக்ஸ்பிரஸ் போய்ச் சேரும் செங்கோட்டை. சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜியின் சொந்த ஊர்.

செங்கோட்டை அரசுப் பள்ளியிலும் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலும் படித்து, 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர் அவர். 2023 செப்டம்பர் 2 முற்பகல் 11.50-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா கிளம்பியபோது தென்மாவட்டங்களே கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் கொடைக்கானலின் பெயர் அவ்வளவாக அடிபடவில்லை. கொடைக்கானலைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஆதித்யாவின் அருமை முழுதாகப் புரியும்.

முதலில், சூரியனைப் பார்க்க விண்வெளிக்கு ஏன் போக வேண்டும்? சூரியன் வீசும் எக்ஸ் கதிர்களையும் புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதியையும் நம் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. உயிர்களுக்கு நல்லது, ஆய்வுக்குத் தடை. சூரியனில் நடக்கும் வெடிப்புகளின் அடையாளம் இந்தக் கதிர்களில்தான் பளிச்சென்று தெரியும். அதோடு இரவும் மேகமும் இருக்கின்றன. ஆதித்யா நிற்கும் எல்-1 புள்ளி பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்தில் நூற்றில் ஒரு பங்குதான் அது. அந்தப் புள்ளியைச் சுற்றிய ஒளிவட்டப் பாதையில் 2024 ஜனவரி 6 அன்று நுழைந்த விண்கலம், ஏறத்தாழ 178 நாளுக்கு ஒரு சுற்று வருகிறது. பூமியின் நிழல் அதன்மேல் விழுவதே இல்லை.

அதில் ஏழு கருவிகள். அவற்றில் வி.இ.எல்.சி. என்ற தொலைநோக்கியை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். முழு கிரகணத்தின்போது சில நிமிடங்களுக்கு நிலா செய்கிற வேலையை இது நாள் முழுக்கச் செய்கிறது. உள்ளே வரும் ஒளி முதல் கண்ணாடியில் பட்டு, இரண்டாம் கண்ணாடியின்மேல் சூரிய பிம்பமாக விழுகிறது. அந்த இரண்டாம் கண்ணாடியின் நடுவில் ஒரு துளை. சூரிய வட்டின் பேரொளி துளைக்குள் புகுந்து, மூன்றாவது கண்ணாடியால் வெளியே தள்ளப்படுகிறது. துளையைச் சுற்றி விழுகிற, சூரியனின் வெளி மண்டலமான கரோனாவின் மங்கலான ஒளி மட்டும் கருவிக்குள் மேலே செல்கிறது. அந்த மங்கல், வட்டின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். முதல் கண்ணாடியில் தூசி படிந்தால் அது சிதறடிக்கும் வெளிச்சமே கரோனாவை மூழ்கடித்துவிடும். அதனால்தான் ஹொசகோட்டேயில் தூசி புகாத அறை அமைத்து இதைக் கோத்தார்கள். செய்தது பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம். கொடைக்கானல் வானாய்வகத்தை நடத்துவதும் அதே நிறுவனம்தான்.

வி.இ.எல்.சி. தேடும் ஒளிகளில் ஒன்று பச்சை. 1869 கிரகணத்தில் முதன்முதலில் கண்ட இந்தப் பச்சைக் கோடு எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால், ‘கரோனியம்’ என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பனை செய்துகொண்டார்கள். எழுபது ஆண்டுகள் கழித்துத்தான் விடை கிடைத்தது. அது நாம் அன்றாடம் கையாளும் இரும்பு. 26 எலக்ட்ரான்களில் 13-ஐ இழந்து நிற்கும் இரும்பு. அத்தனை எலக்ட்ரான்களை உரித்தெடுக்க பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்போ சுமார் 5,500 டிகிரிதான். வெளியே போகப்போகச் சூடு கூடுவது எப்படி? காந்தப்புலம்தான் அந்த ஆற்றலைச் சுமந்துபோகிறது என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். எந்த வழியில் என்பதில்தான் இன்னும் வாதம் நடக்கிறது.

அந்தக் காந்தம் முறுக்கேறும் விதம் ராஜபாளையம் நூற்பாலைக்காரர்களுக்கு எளிதில் பிடிபடும். சூரியன் நடுக்கோட்டில் 25 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது, துருவத்துப் பக்கம் இன்னும் மெதுவாக. இந்த ஏறுமாறான சுழற்சியில் உள்ளிருக்கும் காந்தப்புலம் இழுபட்டு முறுக்கிக்கொண்டே போகிறது. முறுக்கு மிஞ்சிய நூல் ஓரிடத்தில் சுருண்டு வளையமாக மேலெழும்புமே, அப்படிக் காந்த வளையங்கள் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளிவருகின்றன. அவை வெளிவரும் இடத்தில் அடியிலிருந்து சூடு மேலே வருவது தடைப்படுகிறது. அந்த இடம் குளிர்ந்து கரும்புள்ளியாகத் தெரிகிறது. பெரிய புள்ளிகளில் காந்தம், பூமியின் காந்தத்தைப்போல் பல ஆயிரம் மடங்கு வலுவானது.

புள்ளிகளில் காந்தம் இருப்பதை 1908-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் எல்லரி ஹேல் கண்டறிந்தார். புள்ளிகளுக்குள் வாயு சூறாவளிபோல் சுழல வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1909 ஜனவரியில் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் அதைச் சோதித்துப் பார்த்தார். சுழலுக்குப் பதிலாக, புள்ளியின் நடுவிலிருந்து வாயு எல்லாப் பக்கமும் வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். உலகெங்கும் பாடநூல்களில் இன்றும் அது ‘எவர்ஷெட் விளைவு’தான். அவருடைய மனைவி மேரி எவர்ஷெட்டும் அதே மலையில் சூரியத் தழல்களை ஆராய்ந்தவர்.

கொடைக்கானலின் இன்னொரு பெருஞ்செல்வம் அதன் படக் களஞ்சியம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலிருந்தே, வானம் தெளிந்த நாளிலெல்லாம் அங்கே சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். முதலில் கண்ணாடித் தகட்டில், பிறகு பிலிமில், இப்போது டிஜிட்டலில். சாதாரண வெள்ளொளியில் எடுத்ததோடு நிற்காமல், கால்சியம் உமிழும் ஊதா ஒளியிலும் எடுத்தார்கள். காந்தம் வலுத்த இடங்கள் அந்த ஒளியில் பிரகாசமாகத் தெரியும். சூரியனின் காந்த வரைபடத்தை நேரடியாகத் தயாரிக்கும் கருவிகள் 1950-களில்தான் வந்தன. அதற்கு முந்தைய சூரியனின் காந்தம் எப்படி இருந்தது என்று கேட்டால், பதில் சொல்லக்கூடிய சில ஆதாரங்களில் ஒன்று இந்தக் கால்சியம் படங்கள். ஆதித்யாவில் புனே ஐயூகா நிறுவனம் செய்த ‘சூட்’ தொலைநோக்கியிலும் கால்சியம் ஒளிக்கென்றே ஒரு வடிகட்டி இருக்கிறது. மலையில் தொடங்கிய தொடர், எல்-1 வரை நீண்டிருக்கிறது.

இந்தத் தொடர்ச்சி ஏன் முக்கியம்? சூரியப் புள்ளிகள் கூடிக் குறைய ஏறத்தாழ 11 ஆண்டு ஆகிறது. வடக்கு, தெற்குக் காந்த முனைகள் இடம் மாறிப் பழைய நிலைக்குத் திரும்ப 22 ஆண்டு. ஆதித்யாவுக்குக் குறித்த ஆயுளோ ஐந்தாண்டு. எவ்வளவு கூர்மையான கருவியாக இருந்தாலும் அது பார்ப்பது ஒரு சுழற்சியின் பாதிகூட இல்லை. அதற்கு நினைவாற்றலைத் தருவது கொடைக்கானலின் நூற்றாண்டுப் பதிவுதான். விண்கலத்துக்குக் கிடைக்கும் கைதட்டலும் பணமும், மலையில் அன்றாடம் படமெடுக்கிற அந்தச் சத்தமில்லாத வேலைக்கும் கிடைக்க வேண்டும்.

சூரியனைக் கவனிப்பதன் தேவை பூமியிலேயே தெரியும். 2024 மே 10, 11 நாட்களில் இருபது ஆண்டுகளில் காணாத சூரியப் புயல் பூமியைத் தாக்கியது. லடாக்கின் ஹான்லே வானம் சிவந்தது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பூமியின் காந்தம் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு தளர்ந்தது. காந்த நடுக்கோடு செல்வது நம் தெற்குச் சீமைக்கு அருகில்தான். பகல் நேரத்தில் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் இங்கே கிழக்கு நோக்கிப் பாய்கிறது. பகலில் சூரியனில் பெரிய வெடிப்பு நிகழ்ந்தால், எக்ஸ் கதிர் வந்து சேரும் எட்டு நிமிடத்தில் அந்த மின்னோட்டம் துள்ளும். கிருஷ்ணாபுரத்துக் காந்தமானியின் கோட்டிலும் அந்தத் துள்ளல் பதிவாகும். 1989-இல் கனடாவின் கியூபெக்கை இருளில் தள்ளியதுபோல் நம் மின்கம்பிகளுக்கு ஆபத்து வருவது அரிது, நாம் துருவத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறோம். செயற்கைக்கோள்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை, சாதாரணமான ஒரு புயலிலேயே விழுந்து எரிந்தன. எல்-1-இல் காவலுக்கு நிற்கும் கருவி, சூரியக்காற்று நம்மை எட்டுவதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பே அதை உணர்ந்துவிடும்.

கொடைக்கானல் படங்களை டிஜிட்டலாக்கி எவரும் பார்க்கும்படி இந்திய வான் இயற்பியல் நிறுவனம் வைத்திருக்கிறது. ராஜபாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்று 1957 கடைசியில் எடுத்த சில படங்களையும் 1964-இல் எடுத்த சில படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளைகளைப் புள்ளிகளை எண்ணச் சொல்லலாம். முன்னதில் எண்ணி மாளாது, பின்னதில் தேட வேண்டியிருக்கும். சுழற்சியின் தொடக்கத்தில் நடுக்கோட்டிலிருந்து தள்ளித் தோன்றும் புள்ளிகள், ஆண்டுகள் போகப்போக நடுக்கோட்டை நெருங்குவதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். இன்றைய புள்ளிகளைப் பார்க்க ஆசை வந்தால், வெறுங்கண்ணாலோ தொலைநோக்கி வழியாகவோ சூரியனை நேரே பார்க்கவே கூடாது. சிறிய தொலைநோக்கியின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்து, ஆசிரியர் பக்கத்தில் இருக்க, அட்டையைப் பார்த்து வரைந்துகொண்டால் போதும்.