முதுமைக் குருடு விதியா?

வருகிறவர் இன்னாரென்று குரலைக் கொண்டே அறிந்துகொள்ளும் முதியவர் ஒருவராவது திண்ணையில் இல்லாத கிராமம் அரிது. “வயதாகிவிட்டது, பார்வை மங்கத்தானே செய்யும்?” என்று அவர் சொல்லுகிறார், பிள்ளைகளும் ஆமோதிக்கிறார்கள். இந்த ஆமோதிப்பையே நாம் ஆட்சேபிக்கிறோம்.

2015 முதல் 2019 வரை மத்திய சர்க்கார் சார்பில் நடந்த கணக்கெடுப்பின்படி, 50 வயதுக்கு மேற்பட்டோரில் பார்வையிழந்தவர்களை எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு 66 பேருக்குக் காரணம் கண்புரையே. கருமணிக்குப் பின்னால் தெளிவாயிருக்கும் வில்லை வயது ஏற ஏற மங்கி ஒளியை மறைப்பதே புரை. அதை நீக்கிச் செயற்கை வில்லையைப் பொருத்தினால், பெரும்பாலோருக்குப் பார்வை மீளுகிறது. ஆகவே, மூவரில் இருவர் இருளில் கிடப்பது விதியினாலன்று, அசிரத்தையினால்தான்.

“புரை பழுக்கட்டும்” என்பது ஒரு காலத்தில் நியாயமாயிருந்தது. அன்று வில்லையை எடுத்தபின் தடித்த மூக்குக்கண்ணாடியே கதி. இன்று அவ்விதமில்லை. முற்றவிட்ட புரை கண்ணுக்குள் அழுத்தத்தை உண்டாக்கி, பார்வையை அடியோடு பறித்துவிடவுங்கூடும். சொட்டு மருந்தினால் புரை கரையுமென்பது வீண்பேச்சு.

பணமில்லை என்ற சமாதானமும் செல்லாது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். வசதியுள்ளவர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு ஏழைகளுக்கு இலவச சிகிச்சை செய்வதே அதன் முறை. அயல்நாட்டு வில்லைகளின் விலை ஏழைக்கு எட்டாதிருந்தபோது, 1992-ல் ஆரோலேப் நிறுவப்பட்டு, மதுரையிலேயே வில்லைகள் தயாராயின. இதுவல்லவோ சுதேசியம்!

இவ்வளவு இருந்தும் முதியவர் வராததேன்? அழைத்துச் செல்ல ஆளில்லை. துணைக்குப் போகிறவனுக்கு ஒருநாட் கூலி நஷ்டம். ஸ்திரீகளின் நிலைமையோ இன்னும் பரிதாபம். தகப்பனாருக்குக் கண் மங்கினால் வண்டி பிடிக்கிறோம். தாயாருக்கு மங்கினால், “வீட்டுக்குள்தானே இருக்கிறாள்” என்கிறோம். அடுப்பிலே கை சுடுவதும் வாசற்படியிலே இடறி இடுப்பொடிவதும் அந்த வீட்டுக்குள்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

புரையில் இழந்த பார்வை மீளும். மீளாத நஷ்டமும் உண்டு. கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றி ஓரப் பார்வையை முதலில் தின்றுகொண்டு வருகிறது. நோயாளி உணரும்போது பெரும்பகுதி போயிருக்கும். எஞ்சியதைக் காக்க மருந்துண்டு. போனதைத் திருப்ப மருந்தில்லை. நீரிழிவும் அவ்வாறே விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. ஆதலால் நாற்பது வயதைக் கடந்தோர் அவ்வப்போதும், நீரிழிவுள்ளோர் ஆண்டுதோறும் கண்ணைச் சோதித்துக்கொள்வது கடமை.

வாக்குக் கேட்டு வீடுவீடாகப் படியேறும் தொண்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். திண்ணையிலுள்ள மூதாட்டியிடம், “பாட்டி, என் முகம் தெரிகிறதா?” என்றும் கேளுங்கள். தெரியவில்லையென்றால், அடுத்த கண் சிகிச்சை முகாமுக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். அதைவிடச் சிறந்த தேசத்தொண்டு வேறில்லை.