கணினிக்குள் ஒரு கணினி

நம் சங்கக் குடும்பங்களில் இன்று கணினி படிக்கும் பிள்ளைகள் ஏராளம். கழக்கூட்டத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கில் பிள்ளைக்கு ஒரு வேலை கிடைத்துவிடாதா என்று ஏங்காத பெற்றோர் இல்லை. இதற்காகக் கடன் வாங்கிப் பயிற்சிக் கட்டணம் கட்டுவோரும் உண்டு. லினக்ஸ் துறையில் பணியாற்றும் நான், விடுமுறை நாட்களில் சில பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் பயிற்சி ஒன்றை இங்கே விவரிக்கிறேன். இதற்கு வேண்டியவை வீட்டிலுள்ள கணினியும் பொறுமையும்தான்.

கணினியின் மையமான மென்பொருள் கெர்னல். அதற்குள் இருந்து கருவிகளோடு பேசுவது டிரைவர். டிரைவரில் ஒரு பிழை இருந்தால் கணினி முழுவதுமே நின்றுவிடலாம். எனவே, புதிதாகக் கற்பவர்கள் மெய்நிகர் கணினியில் பழகுவதே நல்லது. அது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி. அது நின்றால் சில விநாடிகளில் மீண்டும் இயக்கலாம். உண்மைக் கணினிக்குச் சேதமில்லை. பிரான்சைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் வெளியிட்ட 'க்யூஎமு' இத்தகைய மென்பொருள்.

வாடகை வீட்டுக்குக் குடிபோகிறோம். தண்ணீர் எப்போது வரும், மீட்டர் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரர் ஒரு சீட்டு எழுதித் தருகிறார் அல்லவா? அதுபோல, நினைவகம் எவ்வளவு, பிராசஸர்கள் எத்தனை என்ற விவரங்களைக் க்யூஎமு தன் மெய்நிகர் கணினியின் ஃபர்ம்வேருக்குத் தருகிறது. அந்தச் சீட்டைக் கெர்னலிலிருந்து படிக்கும் டிரைவரை எழுதுவதே எங்கள் பயிற்சி. 2016-இல் வெளிவந்த லினக்ஸ் 4.6-லேயே இதற்கு ஒரு டிரைவர் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே, பிள்ளைகள் தாங்கள் எழுதியதை அதனோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

எழுதுவதைவிடச் சோதிப்பதில்தான் பாடம் அதிகம். சீட்டின் பொருளடக்கத்தில் ஒவ்வொரு பதிவும் 64 பைட்: அளவுக்கு 4, எண்ணுக்கு 2, ஒதுக்கீடு 2, பெயருக்கு 56. இந்த எண்களில் பெரிய பைட் முதலில் வரும். இன்டெல் வகைக் கணினியோ சிறிய பைட்டை முதலில் வைப்பது. வரிசையை மாற்றாமல் படித்தால் 1 என்பது 1,67,77,216 ஆகிவிடும்! தமிழில் 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. அந்த முறை தெரிந்தவர்தானே சரியாகப் படிக்க முடியும்?

இன்னொரு சோதனை, ஒரே நேரத்தில் இருவரைப் படிக்க வைப்பது. முதலில் எந்தப் பதிவு வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, பிறகு பைட் பைட்டாகப் படிக்க வேண்டும். நடுவில் மற்றவர் வேறு பதிவைத் தேர்ந்தெடுத்தால் இருவர் தகவலும் கலந்துவிடும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை நிறுத்திவைக்கப் பூட்டு தேவை. வெற்றுப் பதிவைப் படிப்பது, முடிவைத் தாண்டிப் படிப்பது, டிரைவரை நூறு முறை ஏற்றி இறக்குவது ஆகியவையும் உண்டு.

லினக்ஸும் க்யூஎமுவும் இலவசம். மூல நிரலையும் யாரும் படிக்கலாம். இந்தச் சுதந்திரத்தைப் பரப்பும் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கப்பட்டது நம் திருவனந்தபுரத்தில்தான் என்பது நமக்குப் பெருமை.

பெற்றோர்களே, பெரிய கட்டணம் கட்டுமுன் பிள்ளைகளை இப்படி ஒரு சிறு வேலையை முழுமையாகச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். சான்றிதழைக் காட்டுவதைவிட, தான் எழுதிய டிரைவரை இயக்கிக் காட்டி, அது எங்கெங்கே தவறக்கூடும் என்று விளக்கும் பிள்ளைக்கே நேர்முகத் தேர்வில் மதிப்பு அதிகம்.