கரகரத்த குரலின் ஆழமும் உச்சியும்: கிறிஸ் ஸ்டேபிள்டன் பாடும் விதம்

"சேர், இந்த ஆளின்ர குரலும் என்ர மாதிரித்தானே அடைச்சுக் கிடக்கு. இவருக்கு மட்டும் ஏன் எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டினம்?"

கேட்டவள் தரம் பத்து மாணவி. கைப்பேசியில் ஒரு காணொளியை ஓடவிட்டு என் முன்னால் நீட்டினாள். நீண்ட தாடி, அகன்ற தொப்பி, கையில் கிற்றார். அமெரிக்காவின் கன்ட்ரி இசைப் பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டன். அவளுடைய கேள்வியில் ஒரு குத்தல் இருந்தது. போன வருடம் தமிழ்த்தினப் போட்டிக்கான குழுப்பாடலில் இருந்து அவளை நிறுத்தியது வேறு யாருமல்ல, நான்தான். "குரல் தெளிவில்லை, அடுத்த முறை பார்ப்பம்" என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் கரகரத்த குரலைக் கேட்டால் பாட்டு நினைவுக்கு வருவதில்லை. அழுது அழுது தொண்டை போன தாய்மாரின் குரல்தான் நினைவுக்கு வரும். அந்தக் குரல் மேடையில் வேண்டாம் என்று எனக்குள் ஏதோ ஒன்று நினைத்ததோ என்னவோ. எப்படியிருந்தாலும் அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக அந்தப் பாடகரைத் தேடித்தேடிக் கேட்கத் தொடங்கினேன். கேட்டு விளங்கிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கன்ட்ரி இசை எங்களுக்கு முற்றிலும் புதியதல்ல. இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஜிம் ரீவ்ஸின் பெயர் தெரியும். 1964 இல் விமான விபத்தில் இறந்துபோன அந்தப் பாடகருக்கு இந்தத் தீவில் இன்றும் இரசிகர்கள் இருக்கிறார்கள். மைக்குக்கு மிக அருகில் நின்று, குரலை உயர்த்தாமல், வெல்வெட் துணியால் தடவுவதுபோலப் பாடுவார் அவர். கன்ட்ரி என்றாலே அந்த வழவழப்புத்தான் என்று என் தலைமுறையில் பலர் நினைத்திருந்தோம். ஸ்டேபிள்டன் அதற்கு நேரெதிர். அவருடைய குரல் மரத்தை அரம் கொண்டு ராவுவது போல இருக்கும். ஆனால் ஒரு சுரமும் பிசகாது.

1978 இல் கென்ரக்கி மாநிலத்தில் பிறந்து, அதன் கிழக்கே நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மலைப்பகுதியில் வளர்ந்தவர் இவர். தகப்பனாரும் சுரங்கத்தொழிலில் இருந்தவர்தான். பொறியியல் படிக்க நாஷ்வில் நகருக்குப் போனார், படிப்பை விட்டார். 2001 இல் மீண்டும் அதே நகருக்குப் பாட்டெழுதப் போனார். பதினைந்து ஆண்டுகளுக்குக் கிட்ட மற்றவர்களுக்குப் பாட்டெழுதிக் கொடுப்பதே அவரது பிழைப்பு. இடையில் 'ஸ்டீல்ட்ரைவர்ஸ்' என்ற புளூகிராஸ் குழுவில் முன்னணிப் பாடகராக இருந்து 2010 இல் விலகினார். அந்தக் குழுவின் பாடல் ஒன்றை அடேல் பிறகு பாடினார் என்று சொன்னால், இளையவர்களுக்கு அந்தக் குரல் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிடிபடும்.

2013 இல் தகப்பனார் இறந்தார். அந்தத் துயரத்தில் இருந்து வெளியேற, மனைவி மோர்கேனுடன் பழைய ஜீப் ஒன்றை அரிசோனாவில் வாங்கி நாஷ்வில் வரை ஓட்டிவந்தார். அந்த வழியில் பிறந்த பாடல்தான் 'ட்ரவலர்'. அதே பெயரில் முதல் தனி இறுவட்டு 2015 மே மாதம் வந்தபோது அவருக்கு 37 வயது. விற்பனை பரவாயில்லை என்ற அளவில் இருந்தது. அந்த வருடம் நவம்பர் 4 ஆம் திகதி கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருது விழாவில் ஜஸ்டின் டிம்பர்லேக்குடன் சேர்ந்து பாடினார். அதன் பிறகு, விற்பனைப் பட்டியலில் இருந்தே இறங்கிப்போயிருந்த அந்த இறுவட்டு நேராக முதலாம் இடத்துக்கு வந்தது. மாணவி எனக்குக் காட்டியதும் அந்த இரவின் காணொளிதான்.

அன்று பாடிய 'டென்னஸி விஸ்கி' அவர் எழுதிய பாடல் அல்ல. டீன் டில்லனும் லிண்டா ஹார்க்ரோவும் எழுதியது. 1981 இல் டேவிட் அலன் கோ பாடினார். 1983 இல் ஜோர்ஜ் ஜோன்ஸ் பாடிப் பிரபலமாக்கினார். ஜோன்ஸின் பதிவைக் கேட்டுவிட்டு ஸ்டேபிள்டனுடையதைக் கேளுங்கள். ஒரே வரிகள்தானா என்று சந்தேகம் வரும்.

என்ன மாறியது? முதலாவது, தாளம். நாலு அடி, ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிகிறது. எங்கள் மொழியில் சொன்னால் திஸ்ர நடை, அதுவும் மிக விளம்பமாக. பாடல் முழுவதற்கும் இரண்டே இரண்டு கோர்ட்தான் மாறி மாறி வருகின்றன. இந்த அமைப்பு கன்ட்ரி இசையில் இருந்து வந்ததல்ல. கறுப்பினப் பாடகி எட்டா ஜேம்ஸ் 1967 இல் அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் என்ற சிற்றூரில் பதிவுசெய்த 'ஐட் ராதர் கோ பிளைண்ட்' என்ற சோல் பாடலின் நடை அது. ஒத்திகையின்போது குழுவினர் சும்மா வாசித்துக்கொண்டிருந்த நடைக்கு மேல் இந்தப் பழைய பாடலை எடுத்துப் பாடிப் பார்த்ததில் தொடங்கியது என்று ஸ்டேபிள்டன் சொல்லியிருக்கிறார்.

மெதுவான நடையும் குறைந்த கோர்ட்களும் பாடகருக்கு நிறைய இடம் கொடுக்கும். அந்த இடத்தைத்தான் அவர் குரலால் நிரப்புகிறார். ஒரு வரியின் கடைசி உயிரெழுத்தைப் பிடித்து, மேலிருந்து கீழே ஐந்தாறு சுரங்கள் சறுக்கி இறங்குவார். எங்கள் சங்கீதத்தில் கமகமும் பிருகாவும் உண்டு. இது அதுவல்ல. கமகம் இராகத்தின் இலக்கணத்தோடு வருவது, எங்கே அசைய வேண்டும் என்று இராகம் சொல்லும். சோல் பாடகர்களின் இந்தச் சறுக்கல் கறுப்பினத் தேவாலயங்களின் கொஸ்பல் பாட்டில் இருந்து வந்தது. எங்கே அசைவது என்பதை அந்த நேரத்து உணர்ச்சி சொல்லும். இன்னொன்றும் உண்டு. காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அவர் முழுதாகத் தொடாமல் கொஞ்சம் கீழே, இரண்டு சுரத்தானங்களுக்கு நடுவில் பிடிப்பார். புளூஸ் இசையின் அடையாளம் அது. ஹார்மோனியத்தில் தேடினால் அந்த இடத்துக்குக் கட்டை இல்லை.

இனி அந்தக் கரகரப்பு. எங்கள் தொண்டையில் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. மூச்சு அவற்றின் ஊடாக வரும்போது அவை ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. ஆண்கள் சாதாரணமாகப் பேசும்போது செக்கனுக்கு ஏறக்குறைய நூறு தடவைக்கு மேல். பாடகர் ஒருவர் மேலே எட்டிப் பிடிக்கும் சுரத்துக்கு நானூறைத் தாண்டும். இவற்றுக்குச் சற்று மேலே இன்னொரு சோடி மடிப்புகள் உண்டு, போலிக் குரல் நாண்கள் என்பார்கள். சாதாரணமாக அவை சும்மா இருக்கும். தேர்ந்த பாடகர்கள் அவற்றையும் சுற்றியுள்ள தசைகளையும் சிறிது நெருக்கி, ஒழுங்கில்லாமல் அதிர விடுவார்கள். கீழே உண்மையான நாண்கள் சுத்தமாகச் சுரத்தைப் பிடித்திருக்க, மேலே இந்த இரைச்சல் ஒரு போர்வைபோல விழும். அதனால்தான் ஸ்டேபிள்டன் போன்றவர்களிடம் குரல் கரகரத்தாலும் சுருதி அசைவதில்லை.

குரல் கெட்டுப்போன ஒருவரின் கரகரப்பு இதுவல்ல. அங்கே உண்மையான நாண்களிலேயே வீக்கமோ காய்ப்போ இருக்கும். அவை சரியாக மூடாமல் காற்று ஒழுகும், மேல் சுரங்கள் பிடிபடாது. கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. சங்கீத ஆசிரியன் நான், பிரித்தறிந்திருக்க வேண்டும்.

அவருடைய குரலின் வீச்சு தெரிய வேண்டுமென்றால் 2017 இல் வந்த 'ஈதர் வே' கேட்க வேண்டும். ஒரு கிற்றார், ஒரு குரல், வேறொன்றும் இல்லை. அன்பு வற்றிப்போன கணவன் மனைவி ஒரே வீட்டில் இருப்பதைப் பற்றிய பாட்டு. தொடக்கம் பக்கத்து அறையில் யாரோ தனக்குள் பேசுவது போலத் தாழ்ந்திருக்கும். பல்லவிக்கு வரும்போது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உச்சிக்கு எகிறும். வேறு பலர் அந்த உயரத்தில் மெல்லிய பொய்க்குரலுக்கு மாறிவிடுவார்கள். இவர் மார்புக்குரலின் கனத்தை அப்படியே மேலே கொண்டுபோவார். உயர்ந்த ஆண்குரல்தான், ஆனால் அடியில் பாரம் இருக்கும். அந்த எட்டலின் கடைசி விளிம்பில் குரல் சில இடங்களில் உடைவதுபோல ஆகும், உடையாது. அந்தப் பாடலுக்கு 2018 இல் கிராமி விருது கிடைத்தது.

2023 பெப்ரவரியில் அமெரிக்கக் காற்பந்து இறுதிப்போட்டியில் தேசிய கீதம் பாடினார். ஒன்றரை ஸ்தாயி நீளும் கடினமான மெட்டு அது, பல பாடகர்கள் தடுமாறியிருக்கிறார்கள். மின் கிற்றாரை மாத்திரம் வைத்துக்கொண்டு, புளூஸ் பாட்டுப் போல ஆறுதலாகப் பாடினார். ஓர் அணியின் பயிற்றுநர் கண்ணீர் வடித்துக்கொண்டு நின்றதைத் தொலைக்காட்சி காட்டியது.

அப்படியானால் இது கறுப்பினத்தவரின் பாணியை ஒரு வெள்ளையர் எடுத்துக்கொண்டதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. யாருடைய பாட்டு யாருடைய பெயரில் போகிறது என்பது எங்களுக்கும் உறைக்கும் விடயம். 1920 களில் இசைத்தட்டு வியாபாரிகள் தென் மாநிலங்களின் பாட்டை இரண்டாகப் பிரித்து விற்றார்கள். கறுப்பினத்தவருக்கு 'இன இசைத்தட்டுகள்', ஏழை வெள்ளையருக்கு 'மலைநாட்டு' இசைத்தட்டுகள். 1949 இல் பில்போர்ட் சஞ்சிகை பெயர்களை மாற்றியது, கோடு அப்படியே இருந்தது. ஆனால் கிராமங்களில் அந்தக் கோடு இவ்வளவு நேராக இருக்கவில்லை. கன்ட்ரி இசையின் அடையாளமாகிவிட்ட பான்ஜோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வாத்தியத்தில் இருந்து வந்தது. புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோ இளவயதில் கென்ரக்கியில் ஆர்னல்ட் ஷூல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞருடன் வாசித்துப் பழகியவர். மறுபக்கம், மஸில் ஷோல்ஸில் எட்டா ஜேம்ஸுக்கும் அரீதா பிராங்கிளினுக்கும் பின்னால் இருந்து வாசித்தவர்களில் பலர் வெள்ளையர்கள்.

கோட்டை எல்லாரும் பார்க்கத் தாண்டியவர் ரே சார்ள்ஸ். 1962 இல் முழுக்க முழுக்கக் கன்ட்ரி பாடல்களைக் கொண்டு ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். டொன் கிப்சன் எழுதிய 'ஐ கான்ட் ஸ்டொப் லவிங் யூ' ஐந்து வாரங்கள் முதலாம் இடத்தில் நின்றது. ஸ்டேபிள்டன் வந்த பாதை அப்படித் திறந்த பாதைதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சோல் வாசம் கலந்த குரலோடு வந்த வெள்ளையருக்கு நாஷ்வில் மேடை கொடுத்தது. அதே குரலோடு வந்த கறுப்பினக் கலைஞர்கள் பலருக்கு அந்தக் கதவு இலகுவில் திறக்கவில்லை.

மோர்கேனின் குரலையும் கவனியுங்கள். இவர் கரகரத்துப் பாடும்போது பக்கத்தில் நின்று மெல்லிய, தெளிந்த குரலில் மேல் சுருதியில் இணைந்து பாடுவார். இரண்டும் சேரும்போதுதான் இவருடைய குரலின் சொரசொரப்பு அழகாகத் தெரிகிறது. அந்த மாணவியைக் குழுவில் இருந்து எடுக்காமல், தெளிந்த குரலுள்ள ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது இதைக் கேட்டபோதுதான்.

அவளிடம் இவற்றையெல்லாம் ஆறுதலாகச் சொன்னேன். அவரைப்போலப் பாடிப் பார்க்கிறேன் என்று தொண்டையை இறுக்கிக் கத்த வேண்டாம் என்றும் சொன்னேன். பழக்கமில்லாமல் அப்படிச் செய்தால் நாண்களில் காய்ப்பு வரும். குரல் அடைப்பு மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். சனி, ஞாயிறுகளில் தாயோடு மீன் சந்தையில் நின்று விலை கூவுகிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "சின்னனில இருந்தே இப்பிடித்தான் சேர்" என்றாள். அப்படியென்றாலும் ஒருக்கால் காட்டு என்று தாயிடமும் சொல்லியிருக்கிறேன். கிளினிக்குக்குத் திகதி கிடைத்திருக்கிறது.

மற்றப் பிழை சுருதிப்பெட்டியில் இருந்தது. குழுவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐந்தரைக் கட்டை வைத்திருந்தேன். அவளுக்கு அது உயரம். மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது குரல் நெரிந்ததை நான் தெளிவின்மை என்று எடுத்துக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை பாடசாலை விட்ட பிறகு நாலு கட்டைக்கு இறக்கிவிட்டு அதே பாட்டைப் பாடச் சொன்னேன். மேல் ஷட்ஜத்தைத் தொட்டு நின்றாள். கரகரப்பு இருந்தது, சுருதியும் இருந்தது.

"இன்னொருக்காப் பாடட்டே சேர்?" என்று கேட்டாள்.