பக்கத்துப் புராசஸின் செலவுக் கணக்கு

எக்கியார்குப்பத்திலிருந்து பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவருக்கு இன்று வலையைப் போலவே போனும் வேண்டும். காற்றின் வேகம், அலையின் உயரம், மீன் படும் இடம் எல்லாம் அதில் தெரிந்துவிடுகின்றன. கரை மறைந்த பிறகு சார்ஜ் இறங்கினால் அது சின்ன விஷயம் இல்லை. செட்டிங்ஸில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்தால், எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று விழுக்காட்டில் காட்டும். ஒரு நிரலுக்கு இன்னொரு நிரலின் செலவு எப்படித் தெரிந்தது?

ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். ஓடும் நிரலான ஒவ்வொரு புராசஸும் சிபியூவில் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நினைவகம் பிடித்தது என்று அது விடாமல் குறித்து வைக்கிறது. அந்தக் கணக்கை நிரல் கெர்னலிடம் கேட்டு வாங்க ‘கெட்ஆர்யூசேஜ்’ என்ற சிஸ்டம் கால் உண்டு. 1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் வந்தது. 16 விவரங்களை ஒரே கட்டாகத் தரும். சிலவற்றை லினக்ஸ் இன்றும் நிரப்புவதில்லை. ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு புராசஸ் தன் செலவைக் கேட்கலாம். தான் தொடங்கிவைத்த பிள்ளைப் புராசஸ்களின் செலவையும் கேட்கலாம். ஆனால் பிள்ளை ஓடி முடிந்து, அதன் முடிவைத் தாய் பெற்றுக்கொண்ட பிறகுதான் அந்தச் செலவு கணக்கில் ஏறும். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை அதில் வராது. பக்கத்துப் புராசஸைப் பற்றி இதில் கேட்க வழியே கிடையாது.

புராசஸ் எண்ணையும் சேர்த்துக் கேட்கும்படி கெட்ஆர்யூசேஜை விரித்தால் என்ன? மேக் கணினியில் அப்படி ஒரு கால் இருக்கிறது. லினக்ஸிலேயே, வள வரம்புகளைப் பார்க்கும் கால் 2010இல் ‘பிஆர்லிமிட்’ ஆக விரிந்து, பிற புராசஸ்களையும் எட்டியது. செலவுக்குப் பெரும்பாலும், புராசஸ் விவரங்களைக் கெர்னல் கோப்புகளாகக் காட்டும் ‘ப்ராக்’ அடைவுதான் கதி. செலவைப் பட்டியலிடும் ‘டாப்’ கட்டளை அங்கே புராசஸ் புராசஸாகக் கோப்பைத் திறந்து, 14, 15ஆம் இடங்களிலுள்ள சிபியூ நேரத்தைப் படிக்கிறது. கெர்னல் எண்ணை எழுத்தாக்கித் தர, டாப் அதை மறுபடி எண்ணாக்குகிறது. அளக்கிற வேலைக்கே இத்தனை செலவு தேவையில்லை என்பேன்.

ஆனால் விரிப்பதிலும் சிக்கல் உண்டு. ஒரு புராசஸ் முடிந்தால் அதன் எண் பிறகு வேறொன்றுக்குப் போய்விடும். கேட்டது ஒன்றை, கிடைத்தது இன்னொன்றின் கணக்கு என்றாகலாம். எண்ணுக்குப் பதிலாக, மாறாத கைப்பிடி ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளும் வசதி 2019இல் லினக்ஸ் 5.3இல்தான் வந்தது.

இதைவிடப் பெரியது அந்தரங்கம். 2012இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தைச் சேர்ந்த சுமன் ஜனா, விட்டலி ஷ்மாட்டிகோவ் இருவரும், பிரவுசரின் நினைவகம் ஏறி இறங்குவதை ப்ராக்கில் கவனித்தே எந்த இணையப் பக்கம் திறந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியும் எனக் காட்டினார்கள். வெறும் செலவுக் கணக்கு ஒருவர் என்ன படிக்கிறார் என்பதைச் சொல்லிவிட்டது! என் கண்ணில், அளப்பதைவிட யார் யாரைப் பற்றிக் கேட்கலாம் என்று வகுப்பதே கடினமான வேலை.

ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலியையும் தனிப் பயனராக நடத்துகிறது; 2016இல் வந்த 7ஆம் பதிப்பு ப்ராக் அடைவையும் மறைத்தது. பிளே ஸ்டோரில் இறக்கிய செயலி அங்கே எட்டிப் பார்த்தால் தன் புராசஸ்களை மட்டுமே காணும். எல்லாருடைய கணக்கையும் திரட்டிக் காட்டும் அனுமதி, படகில் திறந்த அந்தப் பேட்டரிப் பக்கம் போன்ற இயங்குதளத்தின் சொந்தப் பகுதிகளுக்குத்தான்.