சதுரகிரியின் சுனைகள்

சிவகாசிச் சீமை என்றதும் வெயிலும் வெடிமருந்தும் நினைவுக்கு வரும். மழை குறைந்த அந்தக் கரிசல் பூமிக்கு மேற்கே, வத்திராயிருப்பை அடுத்து உயர்ந்து நிற்கிறது சதுரகிரி. சித்தர்கள் உறையும் மலையென நாம் போற்றும் இங்கே சுந்தரமகாலிங்கமும் சந்தனமகாலிங்கமும் எழுந்தருளியுள்ளனர்.

தாணிப்பாறையிலிருந்து மலையேறுவோருக்கு ஓடைகளே வழித்துணை. மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை எனப் பெயர்களே பாதையின் இயல்பைச் சொல்லிவிடும். மேலே, சந்தனமகாலிங்கத்தின் அபிஷேகத்துக்கு உரியது ஆகாய கங்கை.

மலையில் பெய்யும் மழையை மரவேர்களும் உதிர்ந்த இலைகளும் தாங்கி மண்ணுக்குள் அனுப்புகின்றன. அந்நீரே பாறைப் பிளவுகளின் வழியே சிறுகச் சிறுகக் கசிந்து சுனையாகிறது. காடு இல்லையேல் சுனை இல்லை. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும் இம்மலைத்தொடரில் அமைந்தன. இதன் கிழக்குச் சரிவின் நீர் அர்ச்சுனா நதியாகி வைப்பாற்றில் சேர்கிறது.

ஓடை சீறவும் செய்யும். 2015 மே மாதத்தில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். வானம் இருண்டால் நீரில் இறங்க வேண்டாம். வனத்துறையினர் தடுத்தால் வாதாட வேண்டாம்.

ஆடி அமாவாசைக்குச் செல்லும் அன்பர்கள் சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக் பை, பழந்துணி எதையும் ஓடையில் விடலாகாது. மேலே நமக்குத் தீர்த்தமாவதுதான் கீழே வயலுக்கும் கிணற்றுக்கும் உயிர்நீர். அதை அழுக்காக்கிய கையால் ஈசனை எவ்வாறு கும்பிடுவது?